இடது காது

குஹ்மோவில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
கடைமேசைமேல் பின்யா
நான்கு விதமான மௌனங்களைப் பரப்புகிறாள்.

முதலாவது மஞ்சள் நுரை.
விரலிடுக்கில் உருட்டி ஒல்லியாக்கி,
காது மடலை மேலே இழுத்துச் செருக வேண்டும்.
மெல்லப் பருத்து வழியை அடைக்கும்.
ஒரு டப்பா, இரண்டு காப்பியின் விலை.
"எல்லாரும் வாங்குறாங்க, யாரும் போடுறதில்ல."

தெரியும். நானும் வாங்கியிருக்கிறேன்.
காட்டுக்குள் எங்கோ ஹல்லா
மூஸ்மானை மடக்கி நிறுத்திக் குரைக்கும்போது
அந்தக் குரைப்புதான் எங்கள் வரைபடம்.
அதை அடைத்துக்கொண்டு எப்படிக் காத்திருப்பது?
திறந்த காதோடு நின்றோம்,
முப்பத்தொரு பருவம்.

காது கொடுத்துக் கேள் என்பார்கள்.
கொடுத்தேன்.
வலக்கைக்காரி நான். கன்னம் கட்டையில் பதிந்தால்
இடது காதுதான் குழல்வாயைப் பார்த்திருக்கும்.
என் துப்பாக்கியோ பழசு;
முனையில் மரை கிடையாது, ஒலியடக்கி ஏறாது.
முதலில் சின்னப் பறவைகள் போயின.
பிறகு தொலைபேசியில் மகளின் பாதிச் சொற்கள்.
இப்போது அங்கே ஒரு சில்வண்டு குடியிருக்கிறது,
பனியிலும் சாகாதது.
இந்தக் காதில் வாங்கியதை
அந்தக் காதில் விடக்கூட வழியில்லை.

இரண்டாவது பெரிய சிவப்புக் கிண்ணங்கள்.
முப்பத்து நான்கு டெசிபல் என்று அட்டை பெருமையடிக்கிறது.
குறிபார்க்கக் குனிந்தால் கட்டை இடித்துத் தள்ளும்.
என் மூக்குக்கண்ணாடியின் காம்பு வேறு
மெத்தையைத் தூக்கிவிடுகிறது:
எறும்பு நுழையும் இடைவெளி,
வெடி அதில் முழுசாக நுழையும்.

மூன்றாவதற்கு அச்செடுக்க வேண்டுமாம்.
இந்த இடது காதுக்கா?
இறந்தவர் முகத்துக்கு எடுப்பதுபோல் இருக்கும்.
வேண்டாம்.

நான்காவதில் பேட்டரி, ஒரு சின்னக் குமிழ்.
மாட்டிக்கொண்டதும் கடை என்மேல் சாய்ந்தது.
தூண்டில் புழுக்களின் குளிர்பெட்டி ரீங்கரித்தது.
பின்யாவின் நைலான் சட்டை உரசியது.
அவள் கைதட்டிக் காட்டினாள்;
தட்டல் மட்டும் தட்டையாக வந்தது.
"மெதுவானதைப் பெருக்கும். பெரிசு வந்தா சாத்திடும்.
குளிர்ல பேட்டரி சீக்கிரம் போகும்,
மாத்து ஒண்ணு சட்டைக்குள்ள வெச்சுக்கங்க."

சனிக்கிழமை, பதினொன்று பாகை உறைகுளிர்.
ஹல்லா குரைத்தது, தலைக்குள்ளேயே குரைப்பதுபோல.
எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை,
ஒற்றைக் காது திசை சொல்லாது.
கழுத்தைத் திருப்பித் திருப்பி, அடுப்பைத் தேடும் பூனைபோல்
சத்தம் கனக்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன்.
அங்கிருந்துதான் வந்தது.
இளங்காளை. எண்பது மீட்டர். பக்கவாட்டில் நின்றது.

பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தியதுபோல்
ஒரு வெடி. அவ்வளவுதான்.
தோட்டா உறை பாறையில் விழுந்து
இரண்டு முறை துள்ளியது.
துள்ளும் என்றே எனக்குத் தெரியாது.

பிறகு பிர்ச் மரங்களின் நடுவே மூச்சு.
ஈரமாய், நீளமாய்.
முப்பத்தொரு வருடமும் இந்த நேரத்தில்
என் தலைக்குள் மணி அடித்துக்கொண்டிருக்கும்;
அது ஓயும்போது எல்லாம் முடிந்திருக்கும்.
இன்று மணி இல்லை.
குமிழைத் திருப்பினால் போதும், குறைந்துவிடும்.
விரல் அதன்மேல்தான் இருந்தது.
ஏழு மூச்சு.
எட்டாவதற்குக் காத்திருந்தேன்.

நெருப்பருகே கலெர்வோ
குச்சியில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்.
அவருக்கு இரண்டு காதும் போய்விட்டன;
யாரிடமும் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும்.
என் தலையில் இருந்ததைப் பார்த்தார்.
"என்ன விலை?"

"இருநூற்று நாற்பது யூரோ."

"ஆங்?"

"இருநூற்று நாற்பது!"
என் குரலே என் காதில் இடித்தது.

தலையாட்டினார், சிரித்தார்,
குச்சியைத் திருப்பினார்.
"ஆமாமா," என்றார், "ராத்திரி இன்னும் குளிரும்."